நான்காவது அழைப்பு

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். வெளியீட்டுக்கு முன் விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல ஓர் ஆன்லைன் கேமில் என்னையும் சேர்த்திருந்தார்கள். நான்கு நாளாக சர்வர் கோளாறு. உள்ளே நுழையவே வரிசை. நடுவில் போன் பேசினால் கடைசிக்குத் தள்ளிவிடும்.

அன்று மாலை, இரண்டு மணி நேரம் காத்திருந்ததில் எனக்கு முன்னால் பதினோரு பேர்தான் பாக்கி. வயலுக்குப் போயிருந்த என் மனைவி செல்வி அழைத்தாள். கட் செய்தேன். மறுபடி அழைத்தாள். அதையும் அடுத்ததையும் எரிச்சலில் கட் செய்தேன். அதற்குள் சர்வரே படுத்துவிட்டது. என் இடமும் போயிற்று. போனை வீசி எறியப் போனபோது நான்காவது அழைப்பு வந்தது.

"என்னங்க, மோட்டார நிறுத்துங்க. வயரு விழுந்து தண்ணியில கெடக்கு. நான் வரப்புல நிக்கிறேன், சுத்தியும் தண்ணி ஏறுது." அவள் குரல் மிக மெதுவாக வந்தது.

வீட்டுக் கொல்லையில் இருந்த, மோட்டார் லைனுக்கான மெயின் ஸ்விட்சை ஓடிப்போய் அணைத்தேன். வயலுக்குப் போய்ப் பார்த்தபோது தண்ணீர் அவள் பாதத்துக்கு நான்கு விரல் கீழே நின்றது. வயரைச் சுற்றித் தவளைகள் செத்து மிதந்தன.

வீட்டுக்கு வந்ததும் கேம் வரிசைக்காக போனைக் கட் செய்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"சர்வரு நல்லா இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போதும் விளையாடுகிறேன். ஆனால் அவள் வயலில் இருக்கும்போது கேமைத் திறப்பதில்லை.