கல்லூரி மாற எழுதிய இரண்டாவது கடிதம்

ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் இருந்த அகதிகள் விடுதியில் எல்லாருடைய கடிதங்களையும் ஒரே ஆள்தான் எழுதினார். எங்களுக்கு முன்னமே வந்து, ஜேர்மன் எழுதப் பழகியிருந்த அண்ணை. அகதி அன்ட்ராக், வீட்டுக்கு அன்ட்ராக், பல்லுக் கட்டுவதற்கு அன்ட்ராக், எல்லா விண்ணப்பமும் அவர் கையால்தான் போகும். எழுதி முடித்தால் அவருக்கு ஒரு கோழிக்கறிச் சாப்பாடு.

எண்பத்தாறில் எனக்கும் ஒரு கடிதம் தேவைப்பட்டது. அகதிகள் அலுவலகத்தில் என்னைக் கேட்காமலே ஒரு மனையியல் கல்லூரியில் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஒரு வருடமாக மேசைத்துணி மடிக்கவும் ஜன்னல் துடைக்கவும் படித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சையில் இரசாயனத்துக்கு ஏ எடுத்தவள் நான். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆளும் நான்தான்.

அதே நகரத்தில் ஆய்வுகூட வேலைக்குப் படிப்பிக்கும் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே மாறுவதென்றால் கையால் எழுதிய வாழ்க்கை விபரமும், ஏன் மாற விரும்புகிறேன் என்று ஒரு கட்டுரையும் கொடுக்க வேண்டும். தாய் தகப்பனின் தொழிலையும் எழுத வேண்டும்.

"அப்பா என்ன செய்யிறார், பிள்ளை?"

"சுருட்டுச் சுத்துறார், அண்ணை."

அண்ணை பேனையை மூடிவிட்டார். "உதை எழுதினா உனக்கு இடம் தருவாங்களோ? தோட்டம் துரவு உள்ள ஆள் எண்டு போடுவம். அம்மாவை ரீச்சராக்கி விடுறன்."

"அவவுக்குக் கையெழுத்தே வைக்கத் தெரியாது."

"ஜேர்மன்காரன் யாழ்ப்பாணம் போய்ப் பாக்கப்போறானே?"

அண்ணை எழுதிய கட்டுரையில் எங்கள் ஊரில் எரிந்த கடைகள், ஒளித்திருந்த இரவுகள், இரண்டு நாள் பட்டினி எல்லாம் வந்தன. இரசாயனம் ஒரு வரியிலும் வரவில்லை. கடைசி வரி: "என்னைத் திருப்பி அனுப்பினால் என் உயிருக்கு ஆபத்து."

"அண்ணை, இது பள்ளிக்கூடத்துக்கெல்லோ?"

"எல்லா அன்ட்ராக்கும் அப்பிடித்தான் முடியோணும். நான் எழுதினதில ஒண்டாவது பிழைச்சிருக்கோ?"

ஒன்றும் பிழையாகிப் போனதில்லை. அதனால் அண்ணை எழுதியதைப் பார்த்து நானும் என் கையால் எழுதினேன். என் கையெழுத்திலேயே அப்பா நிலபுலக்காரர் ஆனார்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. நான் பட்ட துன்பம் ஆசிரியர்களை உலுக்கிவிட்டதாம். இந்த நிலையில் கடினமான படிப்பு எனக்கு உகந்ததல்லவாம். இப்போதுள்ள கல்லூரியிலேயே ஆறுதலாக இருக்கட்டுமாம். இடம் இல்லை. கடிதத்தோடு ஒரு பெரிய பை நிறையக் குளிர் உடுப்புகளும் வந்திருந்தன.

அண்ணை அதிலிருந்து ஒரு ஜக்கெற்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார். "எனக்கு அளவாக் கிடக்கு, தங்கச்சி."

"கழட்டுங்கோ அண்ணை."

"இதுக்கேன் கோவிக்கிறாய்? இரக்கப்பட்டுத்தானே தந்தவங்கள்."

"இரக்கத்தை நான் கேக்கேல்லை. இடம் கேட்டனான்."

அன்றைக்கே நானே இன்னொரு கடிதம் எழுதினேன். ஜேர்மன் அகராதி பக்கத்தில் கிடந்தது. என் திறமையை நானே எழுதுவது முதலில் கூச்சமாக இருந்தது. எங்கள் ஊரில் கடிதம் என்றால் 'தாழ்மையுடன்' என்றுதான் தொடங்கும். அந்தச் சொல்லை எழுதி, வெட்டினேன். இரசாயனத்தில் எனக்கு ஏ என்று எழுதினேன். அப்பா சுருட்டுச் சுற்றுகிறவர், அம்மா தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்குகிறவர் என்று எழுதினேன். "மனையியல் கல்லூரியில் ஒரு வருடத்தில் எனக்கு முன்பே தெரியாத எதையும் நான் படிக்கவில்லை" என்று எழுதினேன். எரிந்த கடைகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவை உண்மை. ஆனால் அவற்றைக் காட்டி ஒரு வகுப்பு வாங்கில் இடம் கேட்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்தநாள் வகுப்புக்குப் போகாமல் அந்த உடுப்புப் பையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தொழில்நுட்பக் கல்லூரி அதிபரின் அறைக்கதவைத் தட்டினேன்.

"டெர்மின் இருக்கிறதா? முன்கூட்டியே நேரம் கேட்டிருந்தீர்களா?" என்றார்.

"இல்லை."

பையை அவர் மேசையில் வைத்தேன். "நன்றி. என்னிடம் உடுப்பு இருக்கிறது." பைக்கு மேலே கடிதத்தை வைத்தேன்.

அவர் நிதானமாக வாசித்தார். பிறகு பழைய கடிதத்தை ஒரு கோப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இங்கே உங்கள் அப்பா நிலச் சொந்தக்காரர். அங்கே சுருட்டுத் தொழிலாளி. எது பொய்?"

"நிலம் பொய். அம்மா ஆசிரியை என்பதும் பொய்."

"யார் எழுதியது?"

அண்ணையின் முகம் நினைவில் வந்தது. "என் கையெழுத்துத்தானே. நான்தான்."

"பொய் எழுதியவரை நான் ஏன் எடுக்க வேண்டும்?"

"அதைத் திருத்த நானே வந்திருக்கிறேன். உங்களுக்குச் சந்தேகமென்றால் இரசாயனத்தில் கேள்வி கேளுங்கள்."

கேட்டார். அமிலத்தை நீர்க்கச் செய்வதில் தொடங்கி அரை மணித்தியாலம் கேட்டார். சில சொற்கள் ஜேர்மனில் வரவில்லை. எழுந்து போய் அவருடைய கரும்பலகையில் சமன்பாடாக எழுதினேன். ஒன்று பிழையாக வந்தது. அதை நானே கண்டு அழித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மனையியல் கல்லூரியைப் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள். அவர்களிடமிருந்து விடுகைப் பத்திரம் வாங்க வேண்டும். இந்தக் கடிதத்தின் பிரதி அவர்களுக்கும் போகும்; பார்த்தால் கோபிப்பார்கள். கொஞ்சம் ஆணவமாகவும் இருக்கிறது."

"அந்த வரி பொய்யா?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். ஒரு கடிதத்தில் பொய் எழுதினதுக்குத்தான் இவ்வளவு நேரம் நிற்கிறேன். உண்மையை எடுத்துவிட்டு இன்னொரு கடிதம் தரமாட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பொடியன்கள் சிலர் வெள்ளை மேலங்கியோடு சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெட்டையும் அங்கே இல்லை.

"அரை வருடம் பார்ப்போம்," என்றார் கடைசியில். "சரிவராவிட்டால் அனுப்பிவிடுவேன்."

"சரி. நானும் அரை வருடம் உங்கள் கல்லூரியைப் பார்க்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. துண்டுக் கடதாசியில் வகுப்புத் தொடங்கும் திகதியை எழுதி நீட்டினார்.