பாகாலாவும் பாஸில் அடக்கம்

சித்தூரிலிருந்து திருப்பதி அலுவலகத்துக்கு தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். மாதப் பாஸுக்கான கார்டு வாங்கிய அன்றே டைரியில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு போட்டு, லாபம், நஷ்டம் என்று தலைப்பிட்டேன். இருபது நாள் கட்டணம் கட்டினால் மாதம் முழுவதும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். இருபத்தோராம் நாளிலிருந்துதான் லாபம்.

முதல் மாதம் பண்டிகை விடுமுறையும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. கடைசி ஞாயிறு காலை எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது நாள்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல், பாகாலா வழியாகப் போகும் திருப்பதி பஸ்ஸில் ஏறினேன்.

"ஞாயித்துக்கெழம கூட டியூட்டியா சார்?" என்றார் கண்டக்டர்.

பாகாலாவில் என் அக்கா இருக்கிறாள். கணவர் இறந்த பிறகு தனியாக. பெங்களூருக்கு வந்துவிடும்படி மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள்; அக்காவுக்கு வீட்டை விட மனமில்லை. வழியில் இறங்கினால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும் என்று நான் அந்த ஊரை ஜன்னலிலேயே பார்த்துப் பழகியிருந்தேன். பாஸ் இருந்ததால் அன்று அந்தக் கவலை இல்லை. இறங்கினேன்.

"இன்னாடா, சொல்லாம கொள்ளாம வந்துகீற? ஒடம்பு சரியில்லையா?"

பொய் சொல்ல வரவில்லை. "பாஸ்ல ஒரு நாள் கொறையுதுக்கா. அத நேர் பண்ணலாம்னு."

விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்காள பாக்க வந்தேன்னு ஒரு வார்த்த வருதா பாரு! ஒக்காரு, துன்னுட்டுப் போ."

மணி பதினொன்று. அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. கேட்டேன்.

"ஒருத்திக்கு இன்னாத்துக்குடா அடுப்பு?" என்றபடி இருவருக்கும் உப்புமா கிண்டினாள்.

மாலை வரை இருந்துவிட்டுச் சித்தூருக்கே திரும்பினேன். திருப்பதி வரை போகாததால் டைரியில் அரை நாள் என்று எழுதினேன்.

அதன் பிறகு புதன்கிழமை மாலைகளில் பாகாலாவில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறேன். மூன்று மாதத்தில் ஒரு மாதம் நஷ்டம், ஒரு மாதம் லாபம், ஒரு மாதம் சரிக்குச் சரி. பாகாலாவை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல் கோட்டின் மேலேயே எழுதிவருகிறேன்.

போன புதன் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா மகள் போன் செய்தாள்.

"இப்போதிக்கி வரலம்மா," என்றாள் அக்கா, என் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டபடி. "புதன்கெழம ஆனா ஒங்க மாமா வந்து நிக்கிறான். நான் அங்க வந்துட்டா அவன் பாஸு நஷ்டமாப் பூடும்."