சிவப்புக் கோடு போட்ட ட்யூப்

எஸ்டேட் டிஸ்பென்சரி சிஸ்டர் அந்த ட்யூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மேகம் இறங்கி, ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடி எது, சில்வர் ஓக் எது என்று தெரியாத காலை நேரம். சிஸ்டர் இரண்டு விரலால் ட்யூபின் அடிப்பகுதியை அமுக்கினார். அது கொழுகொழுவென்று, கடையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல இருந்தது. கூடலூர்க்காரர் என்பதால் அவர் தமிழில் மலையாளம் கொஞ்சம் கலந்திருக்கும்.

"ஏழு நாள், ரெண்டு நேரம் போட்டதா சாரே?"

"போட்டங்க சிஸ்டர்."

"அப்போ இது தானா ஊறுதோ?"

பக்கத்தில் நின்ற என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை, பரீட்சைக்குப் படிப்பவனைப்போல ஊன்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

நடந்தது இதுதான். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். சிவந்து, தடித்து, பனிக்காலக் காற்றில் காய்ந்து வெடித்து, ஒரே அரிப்பு. ஊட்டி டாக்டர் பார்த்துவிட்டு ஒரு களிம்பு எழுதினார். தடித்த இடத்தில் மட்டும் மெல்லிசாக, காலையும் மாலையும், ஏழு நாள். அதோடு ஈரப்பதத்துக்கு ஒரு வெள்ளை கிரீம், அதை எத்தனை முறை வேண்டுமானாலும் தாராளமாகப் போடலாம் என்றார். "ஸ்டீராய்டுதான், ஆனா ரொம்ப மைல்டு" என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தின் முதல் சொல் என் காதில் விழுந்ததும் காது மூடிக்கொண்டது. பின்பாதி இன்றுவரை உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். நான் நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பர். உரம், பூச்சிமருந்து, கம்பூட்ஸ், ரப்பர் கையுறை எல்லாம் என் பொறுப்பு. மருந்து டப்பாக்களில் விஷத்தின் கடுமைக்குத் தகுந்தபடி நிறம் போட்டிருக்கும். சிவப்பு என்றால் தனி அலமாரி, தனிப் பூட்டு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. வருஷக்கணக்காக இதையே சொல்லிச் சொல்லி, சிவப்பைக் கண்டாலே என் கை தானாகப் பின்னால் போய்விடும். வீட்டில் வந்து களிம்பின் அட்டைப்பெட்டியைப் பார்க்கிறேன். அதில் நெட்டுக்குத்தாக ஒரு சிவப்புக் கோடு! டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதற்கு அடையாளம் அது, காய்ச்சல் மாத்திரை அட்டையில்கூடச் சிலவற்றில் இருக்கும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அது ஸ்டோரின் சிவப்பு. உள்ளே இருந்த காகிதத்தைப் பிரித்தேன். தோல் மெலியும், அது வரும், இது வரும் என்று துண்டு அகலத்துக்குப் பொடி எழுத்து. எவ்வளவு போட்டால், எத்தனை நாள் போட்டால் வரும் என்பதைப் படிக்கும் அளவுக்கு எனக்குத் தெம்பில்லை.

மனைவி காலையில் ஏழு மணி பஸ்ஸில் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவாள். சாயங்காலம் வந்ததும் அடுப்படி. அதனால் களிம்பு என் இலாகா. நான் ஸ்டோரிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறை கொண்டுவந்து மாட்டிக்கொண்டு, கடுகு அளவு எடுத்து, அதையே நாலு இடத்துக்கும் பங்கு வைத்தேன். சில நாள் அந்தக் கடுகும் கிடையாது. "போட்டாச்சுங்களா?" என்று மனைவி கேட்பாள். "ஆச்சு" என்பேன். பிள்ளையை விஷத்திலிருந்து காப்பாற்றுகிற தகப்பன் என்று எனக்குள் ஒரு பெருமிதம் வேறு. காலையில் போர்வையில் ரத்தப் புள்ளிகளைப் பார்த்தபோதுகூட, களிம்பு வேலை செய்யவில்லை என்றுதான் நினைத்தேனே தவிர, களிம்பு வேலைக்கே வரவில்லை என்று தோன்றவில்லை.

ஏழாம் நாள் மனைவி டாக்டருக்குப் போன் செய்து, ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்று சொன்னாள். அப்படியானால் கூட்டி வாருங்கள், இதைவிடக் கடுமையானது தர வேண்டியிருக்கலாம் என்றார் அவர். எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ, அந்தப் பொய்யே அதை வீட்டு வாசல்வரை கூட்டி வந்துவிட்டது. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. சொல்லாமல் பஸ் ஏறவும் கால் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது, புண்ணில் சீழ் ஏதும் வைத்திருக்கிறதா என்று சிஸ்டரிடம் ஒரு பார்வை காட்டிவிட்டுப் போகலாம் என்றாள் மனைவி. அப்படித்தான் அந்த ஜன்னல் ஓரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

"மோளே, அப்பா எங்ஙன போட்டாங்க?" என்று சிஸ்டர் என்னை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கேட்டார்.

"அப்பா கிளவுஸ் போட்டுட்டு வந்து எனக்கு மருந்தடிப்பாங்க" என்றாள் என் மகள். "வேண்டான்னு அழுவேன். உடனே விட்டுருவாங்க."

தேயிலைக்கு மருந்தடிப்பவர்களைத் தினம் பார்க்கிற பிள்ளை. சிஸ்டர் சிரிக்க வாயெடுத்து, என் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஏனுங்க, தெனமும் கேட்டனே! போட்டேன் போட்டேன்னீங்களே! புள்ள ராத்திரி பூரா சொறிஞ்சது உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"

"சாரே," என்றார் சிஸ்டர். "நீங்க பேடிச்சு, பயந்து கொறச்சுப் போட்டா டாக்டருக்கு என்ன தெரியும்? மருந்து கேக்கலைன்னுதான் நெனைப்பார். கடுசா எழுதுவார். இதாணோ காப்பாத்துறது?"

சீழ் ஏதும் இல்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டு, அவரே டாக்டரிடம் போனில் நடந்ததைச் சொன்னார். என் மானத்தை எவ்வளவு காப்பாற்றலாமோ அவ்வளவு காப்பாற்றிப் பேசினார். அது ரொம்பக் கொஞ்சம்தான். பழைய களிம்பையே ஏழு நாள் முறையாகப் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். குற்றவுணர்ச்சி வந்தவனுக்கு அளவு தெரியாது. அன்று சாயங்காலமே கடுகு போய் எலுமிச்சை வந்தது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோலத் தடவி, அழுத்தித் தேய்த்து, கன்னத்தில் லேசாகச் சிவந்திருந்த இடத்திலும் ஒரு தீற்று தீற்றினேன். மறுநாள் காலையிலும் அப்படியே. டிஸ்பென்சரி வாசலில் தற்செயலாக அதைப் பார்த்த சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முகத்துல டாக்டர் சொல்லாம தொடக்கூடாது. மனுஷ்யனுக்கு நடுவுல ஒரு ஸ்தலமே இல்லையோ?"

எனக்கு உண்மையாகவே குழப்பம். குறைத்தால் தப்பு, கூட்டினாலும் தப்பு. ஸ்டோரில் எல்லாவற்றுக்கும் அளவு ஜாடி உண்டு, இதற்கு என்ன ஜாடி? அதையே கேட்டும்விட்டேன். சிஸ்டர் என் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் பேனாவால் ஒரு கோடு போட்டார். நுனியிலிருந்து அந்தக் கோடுவரை ட்யூபிலிருந்து நீளமாகப் பிதுக்கினால், அது பெரியவர் உள்ளங்கை இரண்டு, விரல்களோடு சேர்ந்த அளவு இடத்துக்குப் போதும். பிள்ளையின் நாலு மடிப்புக்கும் சேர்த்தே அந்த ஒரு விரல்நுனி. பூசினால் போதும், தேய்க்க வேண்டாம். மேலே துணி சுற்ற வேண்டாம். வெள்ளை கிரீமுக்கும் இதற்கும் அரை மணி நேரமாவது இடைவெளி. முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும். "கையுறை செடிக்கு. இது உங்க மோளு" என்று என் கையைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை வெறும் விரலோடு போனேன். மகள் முதலில் என் கைகளைத்தான் பார்த்தாள். பிறகு அவளே மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள். "அப்பா, கோட்டத் தாண்டிருச்சு." "அப்பா, கோடு வரைக்கும் வரல, ஏமாத்தாதீங்க." ஐந்தாம் நாள் தடிப்பு அமுங்கிவிட்டது. எட்டாம் நாள் சிஸ்டர் பார்த்து, "இனி நிறுத்தலாம். வெள்ளை கிரீம் மட்டும் விடாம போடுங்க" என்றபோது எனக்கு அடுத்த பயம். ஆரம்பிக்கப் பயந்தவன் இப்போது நிறுத்தப் பயந்தேன்.

"திரும்ப வந்துட்டா சிஸ்டர்?"

"வரும். வந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் பின்னயும் போடணும். போனா நிறுத்தணும்."

வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. ஓய்வு பெற்றுக் கூடலூருக்குப் போகும்வரை, எத்தனை தடவை கேட்டும் சொல்லவில்லை.

அது வருகிறது. உறைபனி விழும் மாதங்களில் தவறாமல் வருகிறது. மகளுக்கு இப்போது பதினைந்து வயது. டாக்டரிடம் அவளே பேசுகிறாள், களிம்பை அவளே போட்டுக்கொள்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு. போன வாரம் அந்தக் கதவுக்கு வெளியே நின்று, "எவ்வளவு கண்ணு எடுத்த?" என்றேன்.

"டாக்டர் சொன்ன அளவுதாம்ப்பா. போய் டீ குடிங்க."

நான் போகவில்லை. நிற்பதா போவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் கதவு பாதி திறந்தது. முடியை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தபடி முதுகைக் காட்டி நின்றாள்.

"பின்னங்கழுத்துல வந்திருக்கு, எனக்கு எட்டல. நீங்க போட்டுடுங்க. மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க."

கழுவப் போனேன். குழாய்த் தண்ணீர் ஐஸாக இருந்தது. விரலின் குளிர் அவள் கழுத்தில் படக்கூடாதே என்று வெகுநேரம் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.