வேப்பம்பட்டுக் கபடிக்காரன்

வேப்பம்பட்டில் வெற்றிச்செல்வன் கையில் மாட்டிய, பாடி வந்த ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டுத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லாரிக்கு இரும்பு ஏற்றிக்கொண்டு, ஞாயிறுதோறும் கபடி ஆடிக்கொண்டிருந்தவனை, ஆவடியில் பயிற்சி செய்துவந்த ஒரு தொழில்முறை ரக்பி அணி மூன்று மாத ஒப்பந்தத்தில் எடுத்தது. தோளைப் பார்த்து எடுத்தார்கள். பிடியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

வம்பு அங்கேதான் வந்தது. ரக்பியில் பந்தோடு ஓடி வருகிறவனைக் கட்டிச் சாய்க்கலாம். ஆனால் அவன் தரையில் விழுந்ததுமே விட்டுவிட வேண்டும். இந்த நியாயம் வெற்றியின் கைகளுக்கு ஏறவே இல்லை. விழுந்தவனை மலைப்பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டு கிடப்பான். விசில் ஊதும். எதிரணிக்குப் பெனால்டி. ஐந்து ஆட்டத்தில் பதினோரு பெனால்டி! கூட ஆடுகிறவர்களே ‘கபடிக்காரன்’ என்றார்கள். அதில் பாராட்டு துளிகூடக் கிடையாது.

மூன்று மாதம் முடியும் நேரத்தில் பயிற்சியாளர் சுப்பராயன் கூப்பிட்டு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

“ஞாயித்துக்கெழம கடைசி மேட்ச். ஒரே ஒரு பெனால்டி குடுத்தாலும் ஊட்டுக்குப் போயிக்கினே இரு. கபடியெல்லாம் ஒரு ஆட்டமாய்யா? மறந்து தொல.”

வெற்றிக்குக் கோபம் தலைக்கேறியது. எஸ்டேட் வேலையை உதறிவிட்டு வந்தவன். அங்கே மேஸ்திரி கோதண்டம், அவன் தோற்றுத் திரும்பி வரும் நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய் நிற்க முடியாது. கபடியைத் தலைமுழுகவும் முடியாது. சோறு போட்டது இரும்பு என்றால், நாலு பேர் மத்தியில் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தப் பிடிதானே?

அவன் தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே மனைவி காவ்யா போனில் ஆட்ட விதிகளைப் படித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“மாமா, ஆள வுட்டுட்டு எழுந்து நின்னுக்கினா பந்தப் புடிக்கலாம்னு போட்டுகீது. அவன் பந்த வுடலன்னா தப்பு அவன் மேலதானாம். உனக்கு இன்னா கஷ்டம்?”

வெற்றி போனைப் பிடுங்கி மூன்று முறை படித்தான். ஞாயிறு வரை காலையும் மாலையும் ஒரே வேலைதான்: சாய், கையை விடு, எழுந்து நில், பந்தைப் பிடி.

ஞாயிறு ஆட்டத்தில் கடைசி நிமிடம். இவன் அணிக்கு இரண்டே புள்ளி முன்னிலை. எதிரணிக்காரன் பந்தோடு கோட்டை நோக்கிப் பாய்ந்தான். வெற்றி அவனைச் சாய்த்தான்.

“வுட்றா!” என்று சுப்பராயன் வெளியிலிருந்து அலறினார்.

விட்டான். நடுவர் பார்க்கட்டும் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். துள்ளி எழுந்து, விழுந்தவன் நெஞ்சோடு அணைத்திருந்த பந்தில் பத்து விரலையும் பதித்தான். மூன்று பேர் ஓடிவந்து அவன் மேல் மோதினார்கள். காது மடங்கியது, விலா எலும்பு நெரிந்தது. அசையவில்லை. இந்தப் பிடியை விடச் சொல்ல எந்தச் சட்டத்துக்கும் உரிமை இல்லை என்று அவனுக்குத் தெரியும். கீழே கிடந்தவனும் பந்தை விடவில்லை.

விசில் ஊதியது. நடுவரின் கை வெற்றியின் அணிப்பக்கம் உயர்ந்தது.

ஆட்டம் முடிந்ததும் சுப்பராயன் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். “நாளைக்கு வந்து கையெழுத்துப் போடு. ஒருவழியா கபடிய மறந்துட்ட பாரு!”

வெற்றி உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான்.

“மறக்கல சார். இவ்ளோ நேரம் நான் ஆடுனது அதான்.”