என் கையெழுத்தில் ஏழு விண்ணப்பங்கள்

தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்த பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் வேண்டுமா, எல்லாரும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டுமா என்று வீட்டில் யாராவது வாதத்தைத் தொடங்கினால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். எனக்குக் கருத்து இல்லாமல் இல்லை. வாயைத் திறந்தால் எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் நான் செய்தது வெளியே வந்துவிடும்.

ஆறாம் வகுப்பில் சேரவே பரீட்சை வைக்கிற பெண்கள் பள்ளி அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். பத்தாம் வகுப்பில் ஒருத்திகூட ஃபெயிலாகக் கூடாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். காலாண்டுத் தேர்வில் தேறாதவளின் பெற்றோரை வரவழைத்து, ‘குடும்பச் சூழ்நிலையால் மகளை நிறுத்திக்கொள்கிறேன்’ என்று அவர்களே கேட்பதுபோல் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பிறகு அவள் டுடோரியலில் படித்துத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பள்ளிக்கு முழுத் தேர்ச்சி.

எழுதத் தெரியாத பெற்றோருக்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க வகுப்பின் முதல் மாணவியைக் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் நான். என்ன பெருமை எனக்கு! தலைமையாசிரியையின் அறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஏழு எழுதினேன். ஆறாவது பெயர், ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவளுடையது. அவளுக்குக் கணக்கு வரவில்லை. எப்படி வரும்? அம்மா மில்லுக்குப் போய்விட, சேத்தூரில் உலை வைத்து, தம்பிகளுக்குச் சோறு போட்டுவிட்டு பஸ் பிடித்து வருகிறவள். பேனாவை வைத்துவிட்டு அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கி வா என்று தாளையும் மைப் பெட்டியையும் கொடுத்து என்னை வராந்தாவுக்கு அனுப்பினார் தலைமையாசிரியை.

“என்ன எழுதியிருக்கு தாயி?”

“பரீட்சைக்குப் பேர் குடுக்கிற பேப்பர் அத்தை.”

பாவி நான், அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. “ஒன் எழுத்தா? அப்பம் சரியாத்தான் இருக்கும்” என்று கட்டைவிரலை வைத்தார். விரலில் இருந்த மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு ஷிஃப்டுக்கு ஓடினார்.

அடுத்த நாள் காலை வருகைப்பதிவில் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. ஆபீஸில் போய்ச் சான்றிதழை வாங்கிக்கொள் என்றார் வகுப்பாசிரியை. செய்தி கேட்டு மத்தியானம் மில்லிலிருந்தே ஓடி வந்த அவள் அம்மா, மகளைச் சைக்கிள் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

“எம்பிள்ளைய நிறுத்துங்கன்னு நான் எதுக்கு டீச்சரம்மா கேக்கேன்? பரீட்சைக்குன்னுல்லா வச்சேன்!”

தலைமையாசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. “இவ வாசிச்சுக் காட்டுனாளா, இல்லையா? மாத்திச் சொல்லியிருந்தா இந்தப் பேப்பர் செல்லாது. ஒங்க பிள்ளை இருக்கட்டும். பொய் சொன்ன இவளை இன்னைக்கே அனுப்பிருதேன்.”

அத்தை என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.

“வாசிச்சா டீச்சரம்மா,” என்றார் அவர். “மில்லுச் சத்தத்துலயே கெடந்து எனக்குத்தான் காது மந்தமாப் போச்சு.”

வெளியே வந்ததும் மெல்லச் சொன்னார்: “ஒன்னையும் நிறுத்தி நான் என்னத்தக் காணப் போறேன்? பெல்லடிச்சாச்சு, போ தாயி.”

சைக்கிள் ஸ்டாண்டில் அவள் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அதன் பிறகு அவள் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. அழுது வீங்கிய கண்ணோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, உள்ள எனக்காகப் பேசுனியா?”

அவள் அம்மா பக்கத்திலேயே நின்றார்.

“பேசுனேன்,” என்றேன்.

அத்தை மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.