ஏரம்பு மாஸ்டரின் எதிராளி

கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அச்சுப்போல எழுதி முடித்துவிட்டார் ஏரம்பு மாஸ்டர். ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. இரும்புத் தூண் எவ்வளவு பாரத்தில் வளையும் என்று சொல்லும் சூத்திரத்தின் பெயர் வரவேண்டிய இடம் அது. அரபு நாட்டில், முசஃபாவில் உள்ள இந்த இரும்புப் பட்டறையின் தலைமை டிராப்ட்ஸ்மேன் ரெங்கராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே தானே சிவப்பு மையில் 'ஆய்லர்' என்று எழுதிக்கொள்வார். நாலு வருடமாக இதுதான் வழக்கம்.

ஆய்லர் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை. செத்து இருநூறு வருடமாகிறது. யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது மாஸ்டர் மூன்று தடவை புதிதாக எதையோ கண்டுபிடித்தார். மூன்று தடவையும், பழைய புத்தகத்தைப் புரட்டினால், அங்கே அந்த மனிதர் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். அன்று பிடித்தது பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் வைத்து மழுப்ப மாஸ்டரே விரும்பமாட்டார்.

"ரெண்டு கண்ணும் போன பிறகுதான் கூடுதலாய் எழுதினவனாம். பதின்மூண்டு பிள்ளையளும் வேறை. ரஷ்யாவிலை ராணி படியளந்தவ. எனக்கு ஆர்? விசா தந்த அரபி முதலாளி, கஃபீல்! இந்த வெல்டிங் சத்தத்துக்கை இருந்து அவனை யோசிக்கச் சொல்லுங்கோ பாப்பம்."

ஒருமுறை லீவுக்கு ஊர் போய்வந்த பட்டறையின் சுவிஸ் இன்ஜினியர், மாஸ்டர் கணக்குப் பிரியர் ஆயிற்றே என்று அன்பாக ஒரு பத்து பிராங்க் நோட்டைக் கொடுத்தார். அதில் ஆய்லரின் முகம். மாஸ்டர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. தொழிலாளர் கேம்பில் தன் கட்டிலுக்கு மேலே, முகம் சுவரைப் பார்க்கும்படி அந்த நோட்டைக் குண்டூசியால் குத்திவைத்தார்.

"மாத்துனா ரெண்டு பிரியாணி திங்கலாமே மாஸ்டரே" என்றான் ரூமில் கூட இருக்கும் ஜஸ்டஸ். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், வெல்டர்.

"குடுத்தால் ஊரெல்லாம் சுத்துவான். இஞ்சையே கிடக்கட்டும்."

லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் மாஸ்டருக்குப் பழைய வரைபடங்களின் முதுகுதான் வயல். அங்கே அவர் தேடியது நட்பு எண்களை. 220ஐ மீதியில்லாமல் வகுக்கும், அதைவிடச் சிறிய எண்களையெல்லாம் கூட்டினால் 284 வரும். 284க்கு அப்படியே செய்தால் 220 வரும். ஆய்லர் இப்படி அறுபது சோடி சேர்த்தவர். மாஸ்டரின் பழைய புத்தகத்தில் உள்ள அவருடைய பட்டியலில், 220க்கு அடுத்தது 2620இல் தொடங்கியது. நடுவில் ஒன்றுமே இல்லையா என்று, அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எட்டாவது மாதம் கிடைத்தது: 1184, 1210.

ஏழு தடவை சரிபார்த்தார். பிறகு சென்னையில் ஒரு பேராசிரியருக்கு எழுதிப் போட்டுவிட்டு, கேம்ப் முழுவதற்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அடுத்த இரண்டு மாதம் கணக்குத் தாள்களில் 'ஆய்லர்' என்று தன் கையாலேயே எழுதினார். "பாவம், வயசு போன மனுசன். கண்ணிலை படேல்லை" என்று ரெங்கராஜிடம் பரிந்தும் பேசினார். ரெங்கராஜுக்குச் சிவப்புப் பேனா மிச்சமாயிற்று.

பதில் ஒரு பக்கம்தான். மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து வாசித்தார். கணக்கு சரி. ஆய்லர் இதைத் தவறவிட்டதும் உண்மை. ஆனால் 1866இலேயே இத்தாலியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"என்ன மாஸ்டரே, பாஸா பெயிலா?" என்றான் ஜஸ்டஸ்.

"பதினாறு வயசுப் பெடியன், தம்பி. மீசையும் முளைச்சிருக்காது."

ஜஸ்டஸ் தேநீரை ஊற்றி அருகில் வைத்தான். மாஸ்டர் அதைத் தொடவில்லை. எழுந்து, சுவரில் இருந்த குண்டூசியைப் பிடுங்கினார். நோட்டைத் திருப்பி, முகம் வெளியே தெரியும்படி திரும்பக் குத்தினார்.

"இந்தாரும். எங்கள் ரெண்டு பேருக்கும்தான் வந்திருக்கு. நீரும் வாசியும்."

கடிதத்தை அந்த முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். பார்வை போதாத மனுசன் என்பது ஞாபகம் வந்ததும், இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனார்.