பாட்டு மூடிய குரல்

என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை வேணுவுடையது. ஒரு காலத்தில் திருவண்ணாமலைக் கல்யாணங்களில் பாதியை வீடியோ எடுத்தவர். இப்போது பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுத் தருகிறார். பூஞ்சை பிடித்த நாடாவைத் துடைத்துக்கொண்டே இருப்பார். மனைவி வேதா கூப்பிட்டால் காதில் விழாது. கேசட்டில் யாராவது இருமினால் விழும்.

அவர் கணக்கில் ஒரு பாவம் உண்டு. அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் எல்லாரும் செய்ததுதான். கல்யாணத்தில் கேட்ட சத்தத்தை எடுத்துவிட்டு, முகூர்த்தத்திலிருந்து பந்திவரை சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பினார்கள். சும்மா சொல்லக் கூடாது, பாட்டு இல்லாவிட்டால் நாமும் சண்டைக்குப் போயிருப்போம்.

போன மாதம் அடி அண்ணாமலையிலிருந்து கஸ்தூரி என்பவர் வேணு எடுத்த தன் கல்யாண கேசட்டோடு வந்தார். கல்யாணமான மறுவருஷமே அவருடைய அப்பா அருணகிரி இறந்துவிட்டார். போட்டோ இருக்கிறது, குரல் எதிலும் இல்லை.

"படம்கூட வேணாம்ணா. அவர் பேசுறது ஒரு வார்த்த இருந்தா போதும். எனக்கே அந்தக் கொரலு மறந்துபோச்சு."

ஓட்டிப் பார்த்தோம். அருணகிரி பேசிக்கொண்டேதான் இருந்தார். கேட்டதெல்லாம் பாட்டு. வேணுவின் முகம் சுண்டிப்போனது.

கேமராவில் ஓடிய முதல் கேசட்டில் நிஜச் சத்தம் இருக்கும். ஆனால் சிக்கனத்துக்காக அதன்மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட கேசட்டுகள் இரண்டு மூட்டை அவர் பரணில் கிடந்தன. தூக்கிப் போடச் சொல்லி வேதா அலுத்துவிட்டார். வேணு மூட்டைகளை இறக்கினார்.

"ஆத்துல போட்டுட்டுக் கொளத்துல தேடுறீங்க" என்றேன். அவர் ஒவ்வொரு கேசட்டாக ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

ஐந்தாம் நாள் யாரோ ஒருவரின் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. அது சின்னக் கல்யாணம், சீக்கிரமே முடிந்துவிட்டது. திரை கொஞ்சநேரம் புள்ளி புள்ளியாக மின்னியது. பிறகு, அழிபடாமல் மிச்சமிருந்த நாடாவின் வாலில், கஸ்தூரி கல்யாணத்துப் பந்தி வந்தது. பந்தியைக் கடைசியில்தானே எடுப்பார்கள். நான் சொன்ன பழமொழியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கஸ்தூரியை வரவழைத்துப் போட்டுக் காட்டினார். கரண்டிச் சத்தத்துக்கு நடுவே அருணகிரி கேமராவைப் பார்த்துக் கைகாட்டி யாரிடமோ சொன்னார்:

"யம்மா, அந்த வீடியோக்காரத் தம்பிக்கு எல போட்டீங்களா? காலையிலேந்து நின்னுனே கீது பாவம். மொதல்ல அதுக்குப் போடுங்க."

கஸ்தூரி இன்னொரு தடவை போடச் சொன்னார். ஏழெட்டுத் தடவை ஓடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அன்னிக்கி சாப்ட்டீங்களாண்ணா?"

"சாப்ட்டேம்மா. பாயசம் ரெண்டு தபா வாங்குனேன்." வேணு படத்தை அருணகிரியின் முகத்தில் நிறுத்தினார். "எனக்குச் சோறு போடச் சொன்ன கொரலு மேலதான் பாட்டப் போட்டு மூடிட்டேன்."

"நீங்கதானேண்ணா தேடியும் குடுத்தீங்க" என்று கஸ்தூரி அவரைக் கும்பிட்டார். வேணு, திரையில் நின்ற அருணகிரியைக் கும்பிட்டார்.